வழிகாட்டி நாய்க்கு வடை

எங்கள் வீட்டில் ஒரு நாயை வளர்த்துக் கெடுத்தோம். சும்மா நாய் இல்லை. கண் தெரியாத ஒருவரை லண்டன் தெருக்களில் பத்திரமாகக் கூட்டிப்போக வேண்டிய நாய். இத்தனை காலத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் குடியிருந்தோம். நான் பக்கத்து நோர்பரியில் ஒரு தமிழ்க் கடையில் காசு வாங்குகிற டில்லில் நின்றேன். பாலும் பாணும் வாங்க ஒரு வெள்ளைக்கார அம்மா தன் வழிகாட்டி நாயோடு வருவார். கண் அறவே தெரியாது. நாய் கிழடாகி ஓய்வுக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு வரத் தொடங்கினார். அவளுக்கு நேரம் கிடைக்கிற நாளில் மட்டும்தான் இவருக்குப் பால். அடுத்த நாய் எப்போது வரும் என்று கேட்டேன். குட்டிகளை ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பழக்கிக் கொடுக்க ஆட்கள் போதவில்லையாம், அதனால் நாளாகுமாம்.

"நான் வளர்க்கிறேன்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

ஏன் சொன்னேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சண்டைக்குத் தப்பி வந்த நாள் முதல் இந்த நாட்டிடம் வாங்கிக்கொண்டே இருந்தோம். கவுன்சில் வீடு, பெனிபிட், யாரோ போட்டுக் கழித்த குளிர் கோட்டு. எல்லாவற்றுக்கும் தாங்க் யூ சொல்லிச் சொல்லி வாய் உளைந்துபோயிருந்தது. ஒரு தடவையாவது நாங்கள் கொடுக்க வேண்டும், அதையும் ஒருவரும் குறை சொல்லாதபடி கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

"வீட்டுக்குள்ள நாயோ? உமக்கென்ன விசரோ?" என்று என் கணவர் கத்தினார். கத்திவிட்டு வழக்கம்போலப் பெற்றோல் ஷெட் ஷிப்டுக்குப் போய்விட்டார். அவர் கத்துவதோடு சரி. நான் பயந்தது மச்சாளுக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு. முந்தின வருடம்தான் ஊரிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். அவருடைய கணவரை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். இருக்கிறாரா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. மச்சாள் அதிகம் பேச மாட்டார், சரியாகச் சாப்பிட மாட்டார். ஆசாரம் மட்டும் அப்படியே இருந்தது. நாய் நுழைந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாரோ என்று நினைத்தேன்.

வழிகாட்டி நாய்ச் சங்கத்தார் குட்டியைக் கூடையில் கொண்டுவந்து முன் அறையில் இறக்கினார்கள். நல்ல கறுப்பு லாப்ரடோர், கண் மட்டும் மினுங்கியது. குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மச்சாள் வெளியே வந்து அதைக் கண்டதும் அப்படியே கை கூப்பினார்.

"வைரவர் வந்திட்டார் பிள்ளை" என்றார்.

எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. ஊரில் அவர்களுடைய வளவுக்குள்ளேயே ஒரு வைரவர் சூலம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மிளகு போட்ட உழுந்து வடையை மாலையாகக் கோத்துச் சாத்துவார்கள். நாய் வைரவருடைய வாகனம். அதிலும் கறுப்பு நாய் என்றால் கேட்கவே வேண்டாம். கணவர் உயிரோடு வரவேண்டும் என்று மச்சாள் அந்த வைரவருக்குத்தான் நேர்ந்திருந்தார். இப்போது வாகனமே எங்கள் மிச்சம் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டது.

குட்டி வளர்ப்பதற்கு ஆயிரம் சட்டம். விசில் ஊதி, அதன் கோப்பையில், அதன் சாப்பாட்டை மட்டும்தான் வைக்கலாம். கையால் ஒன்றும் கொடுக்கக் கூடாது, மேசையிலிருந்து ஒரு பருக்கை விழக் கூடாது. தெருவில் சாப்பாட்டு மணத்துக்கு இழுபடுகிற நாய் ஒருநாள் ஆளையும் இழுத்துக்கொண்டு காருக்கு முன்னால் போய்விடும் என்று மேற்பார்வைக்கு வரும் பெண் முதல் நாளே சொல்லிவிட்டார். அது வெளியே ஒன்றுக்கு இருக்க வேண்டுமென்றால் பக்கத்தில் நின்று "பிஸி, பிஸி" என்று சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு மழைக்குள் நின்று நான் பிஸி பிஸி என்று சொல்வதை எங்கள் சனம் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தது. நான் அசையவில்லை. பஸ், ரயில், சந்தை, லிப்ட் என்று எல்லா இடமும் கொண்டு திரிந்தேன். குட்டி தங்கமாகப் பழகியது.

ஒரு வெள்ளிக்கிழமை கடையில் கரண்ட் போனதால் நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். குசினியில் விளக்கு எரிகிறது. சாமிப் படத்துக்கு முன்னால் தட்டில் வடை. தட்டுக்கு முன்னால் எங்கள் நாய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து குந்திக்கொண்டிருக்கிறது. மச்சாள் கண்ணை மூடி வைரவர் பாட்டுப் பாடுகிறார். பாட்டு முடியுமட்டும் நாய் மூக்கைக்கூட நீட்டவில்லை. முடிந்ததும் மச்சாள் ஒரு வடையைப் பிய்த்து அதன் வாயில் வைத்தார்.

"மச்சாள்! என்ன வேலை செய்யிறியள்? இது கண் தெரியாத ஆக்களுக்குப் போற நாய். கெடுக்காதேங்கோ!"

"வைரவருக்குப் படைச்சதுதானே பிள்ளை."

"இது வைரவர் இல்லை, நாய்!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் கண் தெரியாதவள். பிறகு, "ஓம் பிள்ளை, இனிக் குடுக்கேல்லை" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை நாயின் மீசையில் எண்ணெய் மினுங்கியது. உழுந்துப் பையை எடுத்து என் சேலைகளுக்கு அடியில் ஒளித்தேன். மச்சாள் பனிக்குள் நடந்துபோய் வேறு கடையில் வாங்கிவந்தார். தனியாகப் பஸ் ஏறவே பயப்படுகிற மனுசி! கணவரிடம் சொன்னேன். "நான் அக்காவோட கதைக்கிறன்" என்றார். அவர் கதைத்த லட்சணம், அதற்கடுத்த வெள்ளி அவர் வாயிலும் வடை இருந்தது. நான் சட்டம் காக்க, அவர்கள் இருவரும் பின்கதவால் உடைக்க, எனக்கு அந்த வீட்டில் தனியாகப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசிச் சோதனைக்கு வந்த மேற்பார்வைப் பெண் நிலத்தில் பிஸ்கட்டைப் போட்டார், இறைச்சித் துண்டைப் போட்டார். நாய் திரும்பியும் பார்க்கவில்லை. "நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்" என்றார். மச்சாள் கதவடியில் நின்று, கேட்டாயா என்பது போல என்னைப் பார்த்தார். அன்றைக்கே அதைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். நான் குளியலறைக்குள் போய் அழுதேன். அழுதாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கடையில் அந்த வெள்ளைக்கார அம்மாவிடம், "என் நாய் போய்விட்டது, யாரோ ஒருவருக்குக் கிடைக்கும்" என்று பெருமையடித்தேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.

நாய் பயிற்சியில் இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து போன் வந்தது. முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவர், மச்சாளின் கணவர் எப்போதோ உள்ளேயே செத்துவிட்டார் என்று சொன்னாராம். மச்சாள் றிசீவரை மெதுவாக வைத்தார். அந்த வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்தவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை.

பிறகு மேற்பார்வைப் பெண்ணின் போன். பயிற்சி நடக்கும் தெருவில் ஒரு மீன் பொரிக்கிற கடை இருக்கிறதாம். கொதிக்கிற எண்ணெய் மணம் வந்தவுடன் நாய் கடை வாசலில் குந்திவிடுகிறதாம். "சாப்பாட்டுக்குப் பாயவில்லை, இழுக்கவில்லை. மரியாதையாகக் குந்திக்கொண்டு, யாரோ எதையோ சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறது. என்ன செய்தும் எழும்பாது. இப்படி ஒரு நாயை நாங்கள் கண்டதே இல்லை" என்றார். லண்டனில் எண்ணெய் கொதிக்காத தெரு எங்கே இருக்கிறது? நாயை விலக்கிவிட்டார்கள். திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிட்டு, ஒரு வருடத்துக் கோபம் அத்தனையையும் வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். மச்சாள் ஆறிப்போன தேத்தண்ணிக்கு முன்னால் இருந்தார். வெறும் நெற்றி. அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்ல? கோபிக்கக்கூட ஆளில்லாமல் போன கோபம் இருக்கிறதே, அதைப்போல வயிற்றெரிச்சல் வேறில்லை. கடையில் அந்த அம்மா இன்னும் பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். அவருக்குக் கண் தெரியாது என்பதையும் மறந்து நான் தலையைக் குனிந்துகொண்டு பாலுக்குக் காசு வாங்கினேன்.

நாய் திரும்பி வந்தது. வீடெல்லாம் ஓடி மோப்பம் பிடித்துவிட்டு, எண்ணெயும் இல்லாமல் மணமும் இல்லாமல், எரியாத விளக்குக்கு முன்னால் போய்க் குந்தியது. மச்சாள் அதைப் பாராமல் சுற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போதும் சுற்றிக்கொண்டே வந்தார். நாய் எழும்பவில்லை.

"மச்சாள், இனி நீங்கள் வடை சுடலாம். ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றேன்.

"ஆருக்காகப் பிள்ளை?" என்றார்.

சேலைகளுக்கு அடியிலிருந்து உழுந்தை எடுத்து ஊறப்போட்டேன். என் வடை ஒன்றும் வட்டமாக வரவில்லை. விளக்கைக் கொளுத்தித் தட்டை வைத்தேன். நாய் தட்டைப் பார்க்கவில்லை. பிய்த்து வாயடியில் கொண்டுபோனேன், முகத்தைத் திருப்பியது. "தின்னன் சனியனே, இப்பதானே தின்னலாம்!" என்று கத்தினேன். அது காத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாட்டு முடிய வேண்டும்.

கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டுத்தானே என்று தொடங்கினேன். இரண்டாம் அடியில் தடுமாறி நின்றேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், மறுபடி அதே இடத்தில் நின்றேன். நாயை வளர்க்கத் தெரியாது, வடை சுடத் தெரியாது, ஒரு பாட்டுக்கூட ஒழுங்காகத் தெரியாது என்று அழுகை வந்தது.

அந்த இரண்டாம் அடி எனக்குப் பின்னாலிருந்து வந்தது. மச்சாள் கதவடியில் நின்று பாடினார். குரல் கரகரத்தது, ஆனால் நிற்கவில்லை. பாடிக்கொண்டே வந்து நாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திப் பாட்டை முடித்தார். ஒரு வடையைப் பிய்த்து அதற்குக் கொடுத்தார். மற்றப் பாதியைத் தன் வாயில் போட்டு மென்றார்.

"உப்புக் காணாது பிள்ளை" என்றார்.