கம்ப்யூட்டருக்கு ஜன்னல் வைத்த தீனா

கழற்றிய ஸ்க்ரூக்களைப் பவுடர் டப்பா மூடியில் போட்டுக்கொண்டே கம்ப்யூட்டரோடு பேசுவான் தீனா. "இன்னாம்மா, ஒடம்பு இப்படிச் சுடுது? கொஞ்சம் பொறு." மனிதர்களிடம் இவ்வளவு பேச்சு வராது. ஆரணி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். முப்பத்திரண்டு வயது. வீட்டில் எல்லோரும் பட்டுத் தறியில் உட்கார, இவன் மட்டும் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தான். பெண் பார்க்கலாமா என்று அம்மா வாயெடுத்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிடுவான்.

காரணம் களம்பூரில் ஒரு ரைஸ் மில் ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது. பெயர் ஸ்வர்ணலதா. போன வருஷம், 2004-இல், அந்த மில்லுக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தவன் இவன்தான். தவிட்டுத் தூசி விசிறியை அடைத்து, சூடேறி, மாதம் ஒருமுறையாவது அது படுத்துவிடும். "திரும்ப நின்னுபோச்சுங்க, ஜல்தி வர்றீங்களா?" என்று அவள் போன் பண்ணுவாள். கடையில் எந்த வேலை கிடந்தாலும் சரி, தீனா சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவன் தூசி தட்டுவான், அவள் டார்ச் அடிப்பாள். அவள்மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை? ஊஹூம்.

ஒருநாள் டார்ச்சைப் பிடித்தபடி அவளே சொன்னாள்: "உள்ள இவ்ளோ அழகா இருக்குதே! மூடிட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுங்க."

போதாதா? கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கடைக்குத் தூக்கி வந்தான். நடுவில் சதுரமாகக் கோடு போட்டு ஆக்சா பிளேடால் அறுத்தான். நம்பர் பிளேட் கடையில் சொல்லி கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் அக்ரிலிக் பலகை வாங்கிப் பொருத்தினான். அறுத்த விளிம்பு அவள் விரலைக் கீறிவிடக் கூடாதே என்று, கார் கண்ணாடிக்குப் போடும் ரப்பர் பட்டையைச் சுற்றிலும் பதித்தான். சென்னைக்குப் போய் நீல வெளிச்சம் போடும் விசிறி வாங்கினான். அவள் திறக்கச் சிரமப்படக் கூடாதென்று கையாலேயே திருகும் ஸ்க்ரூக்களைப் போட்டான்.

மில் முதலாளி தனக்கோடி, "இன்னாப்பா இது, மீன் தொட்டியா?" என்று சிரித்தார். ஸ்வர்ணலதா சிரிக்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். தீனாவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

அதற்கப்புறம் போன் வரவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டும் போனது. மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்து, "ஓ, நீங்களா" என்று கூப்பிட்டவர் முகம் சுருங்கும்படி பேசினான். கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டுவிட்டார்களோ, அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டதோ என்று எதையெதையோ நினைத்து மருகினான். பொறுக்க மாட்டாமல் ஒருநாள் வண்டியை எடுத்தான்.

"இந்தப் பக்கமா வந்துகினு இருந்தேன். அப்படியே மிஷின ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு…"

"வாங்க வாங்க! பாருங்க, ஒரு பொட்டு தூசி இல்ல." ஸ்வர்ணலதாவின் முகத்தில் அப்படியொரு பெருமை. "படியறதுதான் வெளியவே தெரியுதே! நானே தொறந்து பிரஷ்ஷால தட்டிட்றேன். பாவம், நீங்க எதுக்கு அவ்ளோ தூரம் அலையணும்? எல்லாம் உங்க புண்ணியம்."

ஆசை ஆசையாகச் செய்து கொடுத்தது அவன் வருகிற வழியையே அடைத்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அவள் டீ சொல்ல வெளியே போனாள். தீனா கம்ப்யூட்டர் முன்னால் குந்தினான். விசிறி சுத்தமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எண்ணெய் தடவிய தலையில் கட்டைவிரலைத் தேய்த்து, பளபளவென்றிருந்த பலகையின் நடுவில் அழுத்தி வைத்தான். அவள் திரும்பி வரும் காலடிச் சத்தம் கேட்டது. கைக்குட்டையை எடுத்து, அவசரமே இல்லாமல் அந்தக் கறையைத் துடைக்க ஆரம்பித்தான்.