அரக்குச் சாயத்துக்கு ஓட்டுப் போட்ட ஊர்

அயோவாவில் எங்கள் மில்வர்டன் ஊரில், குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆவதற்கு முன்பே அதன் டிராக்டர் எதுவென்று முடிவாகிவிடும். எங்கள் ஊர்த் தொழிற்சாலை செய்யும் அரக்கு நிற ஆஷ்கிரேவ்தான். பச்சை டிராக்டர் வைத்திருந்தவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். ஒரு கம்பெனி பூசிய சாயத்தைத் தங்கள் ரத்தம் என்று நம்பிய ஜனங்களுக்கு நடுவில்தான் வில்மா ஹ்ருஸ்கா முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தாள்.

அவள் கணவன் எல்டனின் வலது கையைச் சோளம் பறிக்கும் இயந்திரம் தின்றுவிட்டது. அதுவும் ஆஷ்கிரேவ் செய்ததுதான். எல்டன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. ஊரும் அதையே சொன்னது. வில்மா அதே கம்பெனியின் வார்ப்படச் சாலையில் இரும்பு வார்க்கும் மணல் அச்சு பிடிக்கப் போனாள், பிறகு எஞ்சின் பூட்டும் வரிசைக்கு மாறினாள். அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

கம்பெனியைத் தொடங்கிய கிழவர் ஆஷ்கிரேவ் பேராசைக்காரர், ஆனால் இரும்பு தெரிந்தவர். உறைபனியிலும் முதல் சுற்றில் கிளம்பும் எஞ்சினைச் செய்தார். நாடு முழுக்க அதற்குக் காத்துக் கிடந்தார்கள். பேரன்கள் அந்தத் தொழிற்சாலையைச் சிகாகோ பணக்காரர்களிடம் விற்றார்கள். வாங்கியவர்கள் முதலில் எஞ்சின் வடிவமைப்பவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் பழைய டிராக்டரிலேயே ஆண்டுக்கொரு புது ஸ்டிக்கர் ஒட்டி, புது மாடல் என்றார்கள். வெட்கமில்லாமல் ஃபாதர் நோவோட்னி அந்த ஸ்டிக்கர் மேல் ஆண்டுதோறும் தீர்த்தம் தெளித்தார்.

1983 ஜூலையில் கம்பெனி பிக்னிக்கில் தீர்த்தம் வாங்கியது ஒரு குட்டி டிராக்டர். சம்பளக் குறைப்பை ஒப்புக்கொண்டால் அதை இங்கேயே செய்வோம் என்றது கம்பெனி. திங்கட்கிழமை தொழிற்சங்கத்தில் ஓட்டெடுப்பு. மைதானத்தின் மறுபக்கம் வருஷா வருஷம் நடக்கும் வீரம் நடந்துகொண்டிருந்தது: நம் பிழைப்பைக் கெடுக்க வந்த அந்நியச் சரக்கு என்று, வசூல் போட்டு வாங்கிய ஒரு ஜப்பான் டிராக்டரை ஆண்கள் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள்.

எஞ்சின் வரிசையில் அவள் பக்கத்தில் நிற்கும் லேவர்ன் பெச்சாக்கிடம் வில்மா போனாள்.

"லேவர்ன், உன் வண்டியில அரை இஞ்ச் ஸ்பேனர் இருக்கா?"

"பிக்னிக்ல ஸ்பேனர் கேக்குறா பாரு. உருளைக்கிழங்கு சாலட் வெறுத்துப் போச்சா?"

ஸ்பேனரை வாங்கி, தீர்த்தம் காயாத டிராக்டரின் போல்ட்டில் வைத்தாள். ஏறவில்லை. நொறுங்கிக் கிடந்த டிராக்டரில் வைத்தாள். அதிலும் ஏறவில்லை.

"நம்ம பட்டறையில எல்லாம் இஞ்ச் அளவுதானே, மில்லிமீட்டர் போல்ட் எப்ப வந்துச்சு?" என்றாள். "இது கப்பல்ல வந்த வண்டி. சாயம் மட்டும்தான் நம்மது. நீங்க சம்மட்டியால அடிக்கிறீங்களே, அதுக்குக் கூடப்பொறந்தது."

மேனேஜர் பிரென்டிஸ் சிரித்தார். "ஆரம்பத்துக்கு மட்டும்தாம்மா. அப்புறம் இங்கயே செய்வோம்."

"எந்த அச்சுல வார்ப்பீங்க? அச்சைக் காட்டுங்க, நானே குறைப்புக்கு ஓட்டுப் போடுறேன்."

"அதெல்லாம் திங்கக்கிழமைக்கு அப்புறம் பேசிக்கலாம்."

ஃபாதர் அவள் தோளைத் தொட்டார். "வில்மா, கொஞ்சம் விசுவாசம் வேணும்மா."

"விசுவாசத்துல போல்ட் ஏறாது ஃபாதர். அளவு சரியா இருந்தாத்தான் ஏறும்."

லேவர்னுக்கு முகம் சிவந்துவிட்டது. "கம்பெனியைச் சந்தி சிரிக்க வைக்காத. எங்கப்பா அரக்கு, நானும் அரக்கு."

"உங்கப்பா எஞ்சின் பூட்டினவருடா. அவரைப் போய் சாயமாக்காத."

கூட்டம் கேட்டது, புரிந்துகொண்டது, பிறகு சம்மட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. புரியாதவனை மன்னிக்கலாம், இவர்களுக்குப் புரிந்திருந்தது. அச்சைக் காட்டாமல் ஓட்டுக் கிடையாது என்று சொல்லச் சங்கத்தில் அவளோடு ஒருவரும் எழவில்லை. திங்கட்கிழமை குறைப்பு அமோகமாக ஜெயித்தது.

ஒன்றரை வருஷம் குறைந்த சம்பளத்தில் உழைக்க வைத்துவிட்டு, கதவை மூடினார்கள். ஆஷ்கிரேவ் என்ற பெயரையும் அந்த நிறத்தையும் வேறொருவன் வாங்கிக்கொண்டான். ஆட்களை வாங்க யாரும் வரவில்லை. ஃபாதர் வாசலில் ஒரு ஜெபம் சொன்னார்.

ஐம்பது தாண்டிய வில்மாவுக்குக் கிடைத்தது பக்கத்து ஊர் வான்கோழி ஆலையில் குடல் உருவும் வேலை. லேவர்னும் அங்கேதான் வந்து சேர்ந்தான், தலையில் அதே அரக்குத் தொப்பியோடு.

"ஆகஸ்ட்ல பழைய ஆஷ்கிரேவ் எல்லாத்தையும் துடைச்சு ஊர்வலம் விடுறோம் வில்மா. வார்ப்படத்துப் பொம்பளைங்க சார்பா நீ முதல் வண்டியில உக்காரணும்."

"அன்னைக்குச் சங்கத்துல என்கூட ஒருத்தன் எந்திரிச்சிருந்தா, இன்னைக்கு வண்டி செஞ்சுக்கிட்டு இருந்திருப்போமோ என்னமோ. துடைக்க வேண்டி வந்திருக்காது."

"பழசை ஏன் கிளறுற?"

"பழசை ஊர்வலம் விடுறது நீ. சரி, புதுசு சொல்றேன். அடுத்த வாரம் இந்த ஆலைக்குச் சங்கம் வேணுமா வேணாமான்னு ஓட்டு. அதுக்கு என்கூட வந்து நில்லு."

லேவர்ன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"என்னை இதுல இழுக்காத வில்மா. இந்த மேனேஜர் நல்ல மனுஷன். நன்றித் திருநாள் விருந்துக்கு ஆளுக்கொரு வான்கோழி தர்றேன்னு சொல்லியிருக்காரு."