அப்பாவைத் 'தாத்தா' என்று கூப்பிட்ட நாள்

பிள்ளைகளே, கடையில் பின்னால் நின்று, இந்த நாட்டுப் பிள்ளைகளைப் போல "பப்பா!" என்று நீங்கள் கத்தும்போது நான் ஒரு நொடி பிந்தித்தான் திரும்புகிறேன். "காது கேட்காதோ?" என்று சிரிக்கிறீர்கள். காது கேட்கும். கூப்பிடுவது என்னைத்தான் என்று பிடிபடத்தான் நேரம் எடுக்கிறது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். உங்கள் அப்பப்பாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இலங்கையின் தெற்குக் கரையில், காலித் துறைமுகப் பட்டினத்துத் தபால் கந்தோரில் வேலை. அங்கே தமிழருக்கு அடி விழத் தொடங்கியிருந்ததால் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வாங்கியிருந்தார். போகுமுன் ஒருநாள் அங்கத்துக் கோட்டையைக் காட்ட என்னைக் கூட்டிப்போனார். தெருவில் இறங்கும்போது குனிந்து சொன்னார்: "வெளியிலை தமிழ் கதைக்கப்படாது. என்னைக் கூப்பிடோணுமெண்டால் 'தாத்தா' எண்டு கூப்பிடு." சிங்களத்தில் அப்பாவுக்கு அதுதான் சொல்.

"தாத்தா எண்டால் கிழவனெல்லே!"

"ஓமடா, ஒருநாளைக்குக் கிழவனா இருந்திட்டுப் போறன்."

டச்சுக்காரர் கட்டின கோட்டை மதிலின் மேல், உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டின 'வெரளிக்காய்' என்ற புளிப்புக் காயைச் சப்பியபடி வெளிச்சவீட்டடி வரை நடந்தோம். ஆட்கள் மதிலிலிருந்து கடலுக்குள் குதிப்பதை வாய் பிளந்து பார்த்து நின்ற என்னைச் சனம் நெருக்கித் தள்ள, திரும்பினால் அப்பாவைக் காணவில்லை. தூரத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை முதுகு, என்னைத் தேடி எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. "தாத்தா!" என்று கத்தினேன். நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. "அப்பா" தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவர் குனிந்து காதுக்குள் சொன்னார்:

"அப்பா எண்டு கூப்பிட்டிருக்கலாமேடா."

"நீங்கள்தானே வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறும்வரை, தெருவில் அவர் பிறகு என் கையை விடவில்லை.

போன வருடம் அவர் யாழ்ப்பாணத்தில் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தது. இங்கே அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பாஸில், விட்டு ஓடிவந்த அந்த நாட்டுக்குப் போக ஏலாது. அந்தக் கோட்டைக்கு வெளியே இருந்த பஸ் நிலையத்தைச் சுனாமியில் கடல் அள்ளிக்கொண்டு போனதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். "அப்பா" என்று நான் கூப்பிட இனி ஆளில்லை. என்னை அப்படிக் கூப்பிடவும் இந்த வீட்டில் ஆளில்லை. உங்களில் குற்றமில்லை.

போன ஞாயிறு அவருடைய திவசம். இங்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் அர்ச்சனை முடிந்து, உங்களைக் காருக்குள் இருக்கச் சொல்லிவிட்டு எங்கே போனேன் என்று கேட்டீர்களே. கோயிலுக்குப் பக்கத்துக் கால்வாய்க் கரைக்குப் போனேன். அன்று மதிலில் அவர் போய்க்கொண்டிருந்த தூரத்துக்குக் கேட்கிற அளவில், "அப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டேன். ஒரு ஆள் திரும்பிப் பார்க்க எடுக்கிற நேரம் அப்படியே நின்றேன். பிறகு காருக்கு வந்தேன்.