வெட்டாமல் விட்ட நூல்

எங்கள் முதலிபாளையம் பக்கம் ஒருவர் 'ஜாப் பண்றேனுங்க' என்றால் அவர் ஆபீஸ் போகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனிக்காரன் வெட்டிக் கொடுக்கும் பனியன் துணியைக் கூலிக்குத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிறவர். துணி அவனுடையது, நூல் அவனுடையது, கழுத்தில் ஏறும் லேபிளும் அவனுடையது. மெஷினும் முதுகுவலியும்தான் நம்முடையவை. நானும் என் மனைவியும் இருபத்திரண்டு வருஷம் இந்த ஜாப் பண்ணினோம். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு ஜாப் என்றால் லேப்டாப். "ஊட்டுல தனியா என்னத்தப் பண்றீங்கப்பா? அந்த ஜாப்ப உட்டுட்டு எங்கூட வந்துருங்க" என்று போன தையில் கூப்பிட்டாள். போனேன். காலையில் தோசை சுட்டு வைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். தட்டினால் "மீட்டிங்ப்பா" என்று குரல் வரும். தங்கமான பெண், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் பத்து நாளில் நான் வாய்விட்டுப் பேசியது கீழே இருந்த வாட்ச்மேனிடம் மட்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. பதினோராம் நாள் பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? வாசல் அறையில் இரண்டு மெஷின். ஓவர்லாக் என்னுடையது, தோளையும் பக்கத்தையும் மூட்டுவேன். பிளாட்லாக் அவளுடையது, கையையும் அடியையும் மடித்து அடிப்பாள். அவள் மெஷின் மேல் அவளுடைய பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். வாரம் தவறாமல் எண்ணெய் விடுவேன், ஆனால் யாரையும் உட்காரவிடவில்லை. மூட்டியதோடு நிறுத்தி, பாதிப் பீஸாகவே கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கை வேகம். ஒரு பீஸ் முடிந்ததும் நூலை வெட்டமாட்டேன். அடுத்ததை அப்படியே ஊசிக்குள் தள்ளிவிடுவேன். நூறு பீஸும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மாலையாகப் பின்னால் விழும். அதை இழுத்து, ஒவ்வொன்றாக நூல் வெட்டி எடுத்துத்தான் அவள் தைப்பாள். கல்யாணமான புதிதில் ஒருதடவை, "ஏனுங்க, நூல வெட்டித்தான் போட்டா என்னங்க?" என்று கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அது உன்ற ஜாப்பு" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

போன திங்கட்கிழமை கம்பெனி மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். சேலை போர்த்திய மெஷினைப் பார்த்துக்கொண்டே, "பாதிப் பீஸ வெச்சுக்கிட்டு நாங்க என்னங்ணா பண்றது? வெள்ளிக்கிழமைக்குள்ள பிளாட்லாக்குக்கு ஆள் போடுங்க. இல்லீன்னா சரக்க வேற எடத்துக்குத்தானுங்க மாத்தோணும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சரக்கு நின்றால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அந்தப் பெங்களூர் அறைதான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவள் இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைக்கவா என்று யாரைக் கேட்பது? கேட்க வேண்டியவளே இல்லையே.

சொல்லி வைத்திருந்தபடி வியாழக்கிழமை பிளாட்லாக் ஓட்ட ஒரு பெண் வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். சேலையை நானே எடுத்து மடித்தேன். முகத்தை அந்தப் பெண் பார்த்துவிடக் கூடாதென்று சுவிட்சைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன். நன்றாகவே தைத்தாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் மெஷினை நிறுத்தினாள். கோத்துக் கிடந்த பீஸ்களை வாரி வந்து என் மேஜையில் போட்டாள்.

"அண்ணாச்சி, நூல வெட்டிப் போடுங்க. வெட்டுறதுக்குக் கம்பெனியில தனியா ஹெல்பர் வச்சிருப்பாங்க. அது என் ஜாப் இல்ல, பாத்துக்கிடுங்க."

"எங்கூட்டுல அவளே வெட்டிக்குவாளுங்க" என்றேன்.

"தச்சுக்கிட்டேயா? ரெண்டாள் வேலைல்லா அது?"

 நூல் வெட்டும் சின்னக் கத்தரி, டிரிம்மர், பிளாட்லாக்கின் காலில் ஒரு பனியன் நாடாவில் தொங்கியது. கட்டைவிரல் படும் இடத்தில் என் மனைவி துணி சுற்றி வைத்திருந்தாள். புதிதொன்றுமில்லை, இத்தனை வருஷமும் நான் பார்த்த துணிதான். எதற்குச் சுற்றினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாவி நான், கேட்டிருக்கலாம்.

அதை எடுத்து வெட்டத் தொடங்கினேன். மத்தியானத்துக்குள் விரல் சிவந்து கன்றிவிட்டது. சாயந்திரம் வேலை முடிந்து அந்தப் பெண் கிளம்பியதும் மகள் போன் செய்தாள்.

"ஆள் கெடச்சுதாப்பா?"

"கெடச்சுது கண்ணு."

"அம்மா மெஷின்ல வேற ஆளப் பாக்க கஷ்டமா இருக்குதா?"

அதற்குப் பதில் சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது. "கட்டைவிரல்தான் வலிக்குது, நூல் வெட்டுனதுல" என்றேன்.

"அம்மாவுக்கும் அங்கதானப்பா வலிக்கும்" என்றாள். "தினமும் போன்ல சொல்லுவாங்க."

என்னிடம் சொன்னதே இல்லை.