நடந்து போன வீடு

என் தாய்மாமனுக்கு வாய்தான் மூலதனம். மாடோ, தோடோ, மாப்பிள்ளையோ, விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் "உங்களுக்காகத்தான் இவ்வளவு பேசினேன்" என்பார். எனக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். நான் வீலென்று கத்திக்கொண்டிருந்தபோதும் அவர் ஆசாரியிடம் கூலியைக் குறைத்துக்கொண்டிருந்தாராம்.

அப்பேர்ப்பட்டவர் எங்கள் வீட்டை விற்றுத்தர வந்தார்.

நாங்கள் அப்போது மலாய் நாட்டில், ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எல்லாரும் லயத்து வரிசை வீடுகளில் இருக்க, நாங்கள் மட்டும் தோட்டத்து வேலிக்கு வெளியே தனி வீட்டில் இருந்தோம். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நம் வீட்டுப் பிள்ளை விழித்துக்கொள்ளும். அது பொறுக்காமல் அம்மா ஒற்றைக்காலில் நின்று அப்பாவைக் கட்டவைத்த வீடு அது. கம்போங் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகளைப் போலக் கட்டைக் கால்கள்மேல் நின்றது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. வீடு எங்களுடையது. நிலம் மட்டும் ஒரு மலாய்க்காரருடையது. அவர் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.

நல்லவேளையாக அப்பாவுக்குச் சுங்கைப் பட்டாணியில் மர ஆலையில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு துண்டு மனையும் பார்த்து வைத்திருந்தார். வீடு நல்ல விலைக்குப் போனால் மனை வாங்கலாம். போகாவிட்டால் அப்பா மட்டும் பட்டணம் போக, நாங்கள் லயத்துக்குத் திரும்ப வேண்டும். "செத்தாலும் அந்தச் சுவத்துக்குப் பின்னால போய்ப் படுக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

மாமா வீட்டைச் சுற்றிவந்தார். தூணைத் தட்டி "ப்ச்" என்றார். பலகையைச் சுரண்டி "ப்ச்" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

"நிலமில்லாத வீட்ட எவன் வாங்குவான் மச்சான்? பிரிச்சு வித்தா விறகு வெலதான். தங்கச்சி வீடாச்சேன்னு நானே எடுத்துக்கறேன். சனிக்கிழம ஆளோட வந்து பிரிச்சிர்றேன்."

அப்பா தலையாட்டினார். அப்பாவுக்கு அது ஒரு வியாதி. யார் எது சொன்னாலும் தலை ஆடிவிடும். அம்மா அண்ணன் இலையில் இன்னொரு தோசையைப் போட்டாள். அவர் எழுந்துபோன பிறகுதான் வாய் திறந்தாள்.

"நீங்க ஆட்டுனது உங்க தலைய. வீடு எனக்கும் சேர்த்துத்தான்."

அம்மா இரண்டு பசு வைத்திருந்தாள். வயலுக்கு அந்தப் பக்கத்துக் கம்போங்கில் வீடுவீடாகப் பால் ஊற்றுவாள். பாலை அளந்து கொடுத்துவிட்டு ஊர்க்கதையை அளந்து வாங்கி வருவாள். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுவதில்லை எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு மாக்சிக்கின், அதாவது மலாய்க்கார அத்தையின், வீட்டுக்குப் புதுமருமகள் வந்து, ஒரே அடுப்பில் இரண்டு பேர் கிண்டி, நாளுக்கொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் அம்மா கண்ணால் பார்த்திருந்தாள். மலாய்க்காரர்கள் வீட்டைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போவார்கள். நம் ஆட்களுக்கு வீடு என்றால் மண்ணோடு ஒட்டியது. மாமாவின் மூளையும் அந்த மண்ணிலேயே நின்றுவிட்டது.

மகனும் மருமகளும் தனியாக இருக்க எங்கள் வீட்டைத் தூக்கிப்போகலாம் என்று மாக்சிக்கிடம் சொல்லி, மழை கொட்டுகிற நாளாகப் பார்த்து வீடு பார்க்க அழைத்தாள் அம்மா. மாக்சிக்கும் அவர் கணவர் பாக்சிக்கும் நனைந்துகொண்டு வந்தார்கள். அம்மா நேரே சமையலறைக்கு அழைத்துப்போய், சொட்டுச் சொட்டாய் நிரம்பிக்கொண்டிருந்த சட்டியைக் காட்டினாள்.

"சீனி போச்சோர், பாக்சிக். லாயின் தெம்பாத் தா அடா." இங்கே ஒழுகும், வேறெங்கும் ஒழுகாது.

பாக்சிக் வீடு முழுக்க அண்ணாந்து பார்த்தார். வேறெங்கும் ஒழுகவில்லை. விலையில் மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

"வெலய நான் கொறச்சிருவேன். வீட்டுல சண்டய நீங்க கொறைப்பீங்களா?" என்று அம்மா மலாயில் கேட்க, மாக்சிக் விழுந்துவிழுந்து சிரித்துக் கணவரை முழங்கையால் இடித்தார். அந்த இடியோடு விலை முடிந்தது. நடுவில் ஒரு ஈ காக்கை இல்லை!

சுங்கைப் பட்டாணிக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னார். வெள்ளிக்கிழமை வீடு கிளம்புது என்று அம்மா சொன்னாள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கம்போங்கே திரண்டு வந்தது. சாமான்களை முன்பே லயத்தில் தெரிந்தவர் வீட்டில் போட்டிருந்தோம். தூண்களோடு மூங்கில்களைச் சேர்த்துக் கட்டினார்கள். அந்தக் கலவரத்தில் நான் விளையாட்டுச் செப்புச் சாமான்களை மடியில் கட்டிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டேன். "சாத்து, டூவா, தீகா!" என்று மலாயில் எண்ணி ஒரே சத்தம். வீடு ஒரு குலுங்கு குலுங்கி எழுந்து நடக்கத் தொடங்கியது. ஜன்னலில் ஜெராய் மலை ஏறி இறங்கியது. தரைப் பலகை இடுக்கில் அப்பாவின் தலைத்துண்டு தெரிந்தது. மலாய்க்காரர்களோடு அவரும் தோள் கொடுத்து வந்தார்.

அறுப்பு முடிந்து காய்ந்த வயலில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே மாமா. மறுநாள் வேலைக்குக் கடப்பாரைகளை முதல்நாளே போட்டுவிட்டுப் போக மாட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தார். பிரிக்க வந்த வீடு அவரை நோக்கியே வந்துகொண்டிருந்தது. மாடு மிரண்டது. மாமா அதைவிட மிரண்டார்.

"அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க! வீடு வருதுல்ல!" அம்மா முன்னால் நின்று கத்தினாள்.

"அடிப்பாவி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்ட வெளிய அனுப்புறியே, வெளங்குமா?"

"நான் எங்கண்ணே அனுப்புறேன்? அதுவாத்தான் நடந்து போகுது!"

வீட்டுக்கு வழிவிட்டு வண்டி ஒதுங்கி நின்றது. நான் ஜன்னலில் தலையை நீட்டி "மாமா!" என்று கையாட்டினேன். நான் உள்ளே இருப்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் வீடே ஆடியது. பாரமாக இருந்தாலும் யாரும் என்னை இறக்கிவிடவில்லை.

சுங்கைப் பட்டாணியில் மனை வாங்கி வீடு எழும்பிய பிறகு, வீட்டைத் தூக்கிக் கொடுக்கிற யோசனையைத் தங்கச்சிக்குச் சொன்னதே தான்தான் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா மறுக்கவில்லை. தோசை போட்டாள்.

வீடு நடந்த அன்றைக்கு, கம்போங்கில் தென்னைகளுக்கு நடுவே வீட்டை இறக்கி வைத்தார்கள். மாக்சிக் மலாய் வழக்கப்படி இலைக்கொத்தால் அரிசிமாவு கரைத்த நீரைத் தெளித்தார். அம்மா படியேறி உள்ளே வந்தாள். வழக்கமாய்ச் சட்டி வைக்கும் இடத்தில் என் செப்பு அடுப்பைப் பரப்பி நான் சமைத்துக்கொண்டிருந்தேன்.

"வா, போலாம்."

"எங்க? வீடுதான் வந்துருச்சே. நம்ம சாமான்லாம் எப்பம்மா வரும்?"

காலையிலிருந்து ஊரையே வாயால் நடத்திக்கொண்டிருந்த அம்மா என் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள். செப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்து என் மடியில் கட்டினாள். இடுப்பில் தூக்கி வைக்கிற வயதை நான் தாண்டியிருந்தேன். இருந்தாலும் தூக்கி வைத்துக்கொண்டாள். படியடியில் நின்ற புதுமருமகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கி நடந்தாள். வயலில் இறங்கியதும் மாமாவின் முழியை நினைத்து அப்பாவிடம் சொல்லிச்சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்தான் அவள் தோளுக்குமேல் பார்த்துக்கொண்டே வந்தேன். வீடு சின்னதாகிக்கொண்டே போனது. இத்தனை கெட்டிக்கார அம்மாவுக்கு வீட்டுக்குப் போகிற வழி தெரியவில்லையே என்று, அவள் முதுகைத் தட்டித்தட்டி அந்தப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே வந்தேன்.