ஆளுக்கு ஒரு ஹெட்போன்

சென்ற வாரம் வீட்டு நெட் படுத்துவிட்டது. அவசரமாக ஒரு மெயில் அனுப்பியாக வேண்டும். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருமுனையில் இருக்கும் சைபர் கஃபேக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்த பெண் அடையாள அட்டை கேட்டாள். கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். "கேமராவைப் பாருங்க சார்" என்றாள். சிரிக்கலாமா என்று கேட்டேன். "வேணாம் சார், ரூல்ஸ்" என்றாள். சிரிப்பதற்குக் கூடவா ரூல்ஸ்?

உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. எல்லாத் திரைகளும் ஹாலைப் பார்த்தபடி இருந்தன. மெயிலை அடித்து முடித்து 'சென்ட்'டை அமுக்கப் போகிறேன்... பின்னால் காத்திருந்த கல்லூரி மாணவன் சொன்னான் - "அங்கிள், அட்டாச்மென்ட் போடல நீங்க."

பார்த்தேன். போடவில்லைதான். நன்றி சொல்வதா, கோபப்படுவதா? நன்றிதான் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது - அப்படியானால் மொத்த மெயிலையும் படித்திருக்கிறான்!

சங்கரின் பிரவுசிங் சென்டர் ஞாபகம் வந்துவிட்டது.

பல வருஷத்துக்கு முன்பு ஆடுகோடியில், ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே இருந்தது அது. சங்கர் அதற்கு முன்பு லேத் பட்டறையில் இருந்தவன். இரும்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கம்ப்யூட்டருக்கு வந்தான். நான் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் எல்லோருக்கும் வேலை கிடைத்துக்கொண்டிருந்த காலம். என்னைத் தவிர. பயோடேட்டா அனுப்புகிற சாக்கில் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். மோடம் கரகரவென்று கத்திவிட்டு லைன் பிடிக்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே... இன்றைய பிராட்பேண்டில் அது இல்லை.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பிளைவுட் கேபின், அதற்கு ஒரு கதவு. கடைசிக் கேபின் வெள்ளிக்கிழமை மதியம் ரோஸ்மேரி ஆண்டிக்கு. அவர் மகள் ஷீலா குவைத்தில் நர்ஸ். அங்கே வெள்ளிதான் லீவு. வாய்ஸ் சாட்டில் இருவரும் பேசுவார்கள். ஆண்டி போகும்போது கண் சிவந்திருக்கும். மகளுக்கு அங்கே ஏதோ சரியில்லை என்பது மட்டும் எங்களுக்குப் புரியும்.

எஸ்டிடி பூத்தில் பேச முடியாது. பூத்துக்காரர் காதில் விழுந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஷீலாவுக்குச் சம்பந்தம் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனம் விட்டுப் பேச ஆண்டிக்கு இருந்த ஒரே இடம் அந்தக் கேபின்.

ஒரு நாள் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். சைபர் சென்டர்களில் கதவு இருக்கக்கூடாது, தடுப்பு இருக்கக்கூடாது, திரை வெளியே தெரிய வேண்டும் என்றார். கூடாத படங்களைப் பார்க்கிறார்களாம். பார்க்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் எல்லோரும் தப்பு செய்கிறவர்களா? கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சங்கரே ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கழற்றினான்.

அடுத்த வெள்ளி ஆண்டி வந்தார். திறந்த ஹாலைப் பார்த்துத் தயங்கி, பிறகு உட்கார்ந்தார். அவர் பக்கப் பேச்சு எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"ஆமாம்மா... எல்லாரும் இருக்காங்க. சாப்டியா? ம்ம்... சாப்டியா?"

அவ்வளவுதான். எழுந்துவிட்டார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குச் சட்டத்தின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்கடுத்த வெள்ளி, ஆண்டி உள்ளே வந்ததும் சங்கர் எழுந்து நின்றான்.

"எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கங்க. பாட்டைப் போட்டு வால்யூம் ஃபுல்லா வைங்க. சேரை இந்தப் பக்கம் திருப்பிக்கங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க!"

சங்கரின் கம்ப்யூட்டரில் பாட்டுகள் குவிந்து கிடந்தன. தமிழ், கன்னடம், இந்தி... எல்லாம் ஓசியில் இறக்கியவை. காப்புரிமை என்று பார்த்தால் அவனைக் கதவோடு சேர்த்துக் கழற்றியிருக்க வேண்டும். பாடினவர், இசையமைத்தவர் வயிற்றில் அடிக்கிற வேலைதான். மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்தத் திருட்டுப் பாட்டுகள்தான் ஒரு தாய்க்கும் மகளுக்கும் கதவாக நின்றன.

அதுவே வழக்கமாகிவிட்டது. வெள்ளி மதியம் யார் வந்தாலும் முதலில் ஹெட்போன். புதிதாக வந்தவர்களுக்கு நாங்களே சொல்லிவிடுவோம்.

அப்படி ஒரு வெள்ளியில் அதே கான்ஸ்டபிள் சோதனைக்கு வந்து நின்றார். ஆண்டி கடைசிக் கம்ப்யூட்டரில் அழுதபடி பேசிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனோடு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்?

என் தோளைத் தட்டினார். நான் ஹெட்போனைக் கழற்றியதும், "ஏன்ரீ இது?" என்றார் - என்ன இது என்று. அந்தப் பாட்டுகளைத் தோண்டினால் கடைக்கே பூட்டு விழும்.

சங்கர் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னான் - அந்தம்மா குவைத்தில் இருக்கும் மகளோடு பேசுகிறார், கதவு இல்லை, அதனால்தான் இப்படி என்று.

கான்ஸ்டபிள் ஆண்டியைப் பார்த்தார். கதவு இருந்த இடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். காலியாக இருந்த நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"நங்கூ ஒந்து கொடப்பா" என்று கையை நீட்டினார்.

சங்கர் அவருக்கும் ஒரு ஹெட்போன் கொடுத்தான். ஆண்டி பேசி முடிக்கும்வரை கழற்றவில்லை மனுஷர். போகும்போது, கேட்ட பாட்டையெல்லாம் ஒரு சிடியில் போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். சட்டமே கேட்கும்போது சங்கர் மறுப்பானா?

சில மாதம் கழித்து ஷீலா வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டாள். ஆண்டி அவளை சென்டருக்கு அழைத்து வந்தார். கையில் ஒரு டப்பா குவைத் சாக்லேட்.

"இவங்கதான்டி அவங்க" என்றார்.

ஷீலா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "இத்தன நாளா என்ன பாட்டுதாங்க கேட்டீங்க?" என்றாள். ஆளுக்கொரு பாட்டைச் சொன்னோம். சிரித்துவிட்டாள்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அந்த மாணவனிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. சொல்லியிருந்தால் கட்டாயம் கேட்டிருப்பான் - "அந்தப் பொண்ணுக்குக் குவைத்துல என்ன அங்கிள் பிரச்சினை?"

தெரியாது தம்பி. இன்று வரை தெரியாது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை!