ஏற்காட்டில் ஒரு கும்பிடுபூச்சி இறால்

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் இறங்கி, சேலத்தில் பஸ் மாறி, அதற்கப்புறமும் அரை நாள் போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் எனக்கு இரண்டு முறை வாந்தி வந்துவிடும். ஆகவே கடலை ஏற்காட்டுக்கு வரவழைப்பதுதான் இருவருக்கும் மரியாதை என்று ஒருநாள் முடிவு செய்தேன். காபிக்கொட்டை வறுத்து அரைத்து, கடையில் காபியும் ஆற்றி விற்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. என் மனைவி மட்டும் கேட்கவில்லை. கேள்வி கேட்டுப் பார்க்கும் கட்டத்தை அவள் கல்யாணமான புதிதிலேயே தாண்டிவிட்டாள்.

சேலத்தில் மீன் தொட்டி விற்கும் ஒருவரிடம், யாரோ வைத்திருந்து அலுத்துப்போன தொட்டி ஒன்றை வாங்கினேன். டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். கூடவே அந்தத் தொட்டியில் பல வருடம் ஊறிக் கிடந்த துளைத்துளையான கற்களையும் ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். கல்லுப்பைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்டதற்கு, அப்படிச் செய்தால் கடல் வராது, ரசம்தான் வரும் என்றார். அதற்கென்று தனி உப்புப் பொட்டலம், தண்ணீரின் கனம் பார்க்க ஒரு கருவி, எங்கள் ஊர்க் குளிருக்கு ஒரு ஹீட்டர், ஒரு பம்ப், கோடு போட்ட இரண்டு மீன்கள், ஒரு கைப்பிடி நத்தைகள். கடல் தயார். ஜன்னலுக்கு வெளியே மேகம், ஜன்னலுக்கு உள்ளே கடல். நடுவில் நான், ஸ்வெட்டரோடு.

கொஞ்ச நாளில் நத்தைகள் குறைய ஆரம்பித்தன. உடைந்த ஓடுகள் ஒரு கல்லின் பொந்துக்கு முன்னால் குவிந்து கிடந்தன. அவ்வப்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வேறு. பல்லி சொல்கிறது என்றாள் மனைவி. சத்தம் தெற்கிலிருந்து வந்ததால் இன்றைக்கு வெளியே கிளம்பாதீர்கள் என்றும் சொன்னாள். நான் அன்றைக்குக் கடையைத் திறக்கவேயில்லை. சாஸ்திரம் சொல்லும்போது மீறக் கூடாது அல்லவா. அந்த மாதத்தில் பல்லி இன்னும் மூன்று நான்கு முறை சொல்லியது. எனக்கு நல்ல ஓய்வு.

ஒரு சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்தப் பொந்திலிருந்து இரண்டு கண்கள் வெளியே வந்தன. காம்பின் மேல் நிற்கும் கண்கள். ஒன்று என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தது. இன்னொன்று அதைச் சட்டை செய்யாமல் மேலே விளக்கைப் பார்த்தது. பிறகு உடம்பு வந்தது. விரல் நீளம்தான். பச்சை என்று சொன்னால் பச்சை. சற்றுத் திரும்பினால் பச்சைக்குள் நீலம், நீலத்தின் ஓரத்தில் செம்மஞ்சள். முன்னங்கைகள் இரண்டையும் மார்போடு மடித்து எனக்கு ஒரு கும்பிடு போட்டபடி நின்றது.

நானும் கும்பிட்டுவிட்டேன். வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

தொட்டிக்காரருக்கு போன் போட்டேன். எப்படி இருக்கிறது என்று நான் விவரிக்க ஆரம்பித்ததுமே மடக்கினார். “கும்பிடுபூச்சியாட்டம் கைய மடிச்சு வெச்சிருக்குதுங்களா? அப்பன்னா மொதல்ல அதத் தூக்கி வெளிய போடுங்க. கல்லுக்குள்ள இருந்து வந்திருக்கு. மீனையும் அடிக்கும், கண்ணாடியையும் ஒடைக்கும்.”

மீன்களைத் திருப்பி அவரிடமே கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொண்டேன். சாதுவான இரண்டு பேரை விரட்டிவிட்டு ஒரு ரவுடியை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதாக மனைவி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அது அடிப்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க முடியாது. நத்தையை இடுக்கியால் பொந்தின் வாசலில் வைப்பேன். அது வந்து மீசையால் தடவிப் பார்க்கும். ஓட்டில் எந்த இடம் மெல்லியது என்று திருப்பித் திருப்பிச் சோதிக்கும். அடுத்தது அந்த ‘டக்’ சத்தம்தான். கை போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஓடு மட்டும் இரண்டாகக் கிடக்கும். அந்த வேகத்தில் தண்ணீரே கிழிந்து ஒரு குமிழி உண்டாகுமாம். அந்தக் குமிழி நொறுங்கும் இடத்தில் ஒரு கணம் கொதிக்கிற சூடும் பொட்டு வெளிச்சமும் பிறக்குமாம். இதைப் படித்த அன்று நான் வறுவலை மறந்து ஒரு கூடைக் கொட்டையைக் கரியாக்கினேன். என் மிஷின் சூடாகவே கால் மணி நேரம் பிடிக்கும்.

கண்களின் கதை இன்னும் பெரியது. நம் கண்ணுக்கு எட்டாத நிறங்களும் அதற்கு எட்டும் என்கிறார்கள். மனைவியின் நீலப் புடவைக்கும் பச்சைப் புடவைக்கும் வித்தியாசம் தெரியாமல் திட்டு வாங்குகிற ஒருவனை அது அந்தக் கண்களால் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது. என்மேல் எத்தனை நிறம் கண்டதோ. மாரமங்கலத்திலிருந்து மிளகு கொண்டுவரும் விவசாயி ஒருவர், தொட்டிக்கு முன்னால் சாக்கைக்கூட இறக்காமல் வெகுநேரம் நின்றார். கடைசியில், “சேர்வராயன் திருவிழாவுக்குக் கெளம்புனாப்பல சோடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. யாரு பாக்கறதுக்குங்க இத்தன?” என்றார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அது பொந்தின் வாசலைக் கூழாங்கற்களாலும் மணலாலும் உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டது. என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் வீட்டில் கதவு சாத்தப்பட்டால் வழக்கமாக அதுதான் காரணம். மூன்றாவது நாள் காலையில் பெரும் காற்று. எஸ்டேட் ஓரத்துச் சவுக்கு மரம் ஒன்று மின்கம்பியின் மேல் சாய்ந்து கரண்ட் போனது. எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. ஹீட்டர் நின்றது, பம்பும் நின்றது. பம்ப் நின்றால் தண்ணீரில் காற்று கலக்காது. காற்றில்லாவிட்டால் உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சு முட்டும்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதானே. பெரிய டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு, கை எட்டும் உயரத்திலிருந்து நுரைக்க நுரைக்க ஊற்றினேன். மறுபடி மொண்டேன், மறுபடி ஊற்றினேன். வெள்ளை வெள்ளையாக நுரை வந்தது. ஏற்காட்டிலேயே என்னைப்போல் ஆற்ற ஆளில்லை என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. கை மாற்றி மாற்றி மத்தியானம் வரை ஆற்றினேன். அடுப்படியிலிருந்து வந்த மனைவி சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, காபிய எதுக்குங்க ஆத்தறோம்?”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். தொட்டியின் வெப்பமானி, நான் அதுவரை அதில் பார்த்திராத இடத்துக்கு இறங்கியிருந்தது. வெளியே பனிமூட்டம். ஹீட்டர் இல்லாத தொட்டி. அதில் மிச்சமிருந்த சூட்டையும் நானே நின்று, பெருமையோடு, ஆற்றித் தள்ளியிருக்கிறேன். சூடாறுவதற்காக ஆற்றுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவன்.

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து, மூடி இறுக்கிய பாட்டில்களில் ஊற்றித் தொட்டியில் மிதக்கவிட்டாள். ஆறியதும் எடுத்து மாற்றினாள். எங்கள் கம்பளிகளை எடுத்துத் தொட்டியைச் சுற்றிலும் போர்த்தினாள். காய்ச்சல்காரனைப் போல் அது முக்காடிட்டு உட்கார்ந்திருந்தது. ரவுடிக்கா இத்தனை பணிவிடை என்று கேட்டு அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கடைவீதியில் தேடி பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்றை ஒருவரிடம் இரவல் வாங்கிவந்தேன். அடைத்த வாசல் அப்படியே இருந்தது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று சொல்ல ஒரு மணல் துகள்கூட அசையவில்லை.

மறுநாள் காலையில் கம்பளியை விலக்கினேன். வாசல் அடைப்பு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதற்கு வெளியே, மணலில், அது மல்லாந்து கிடந்தது.

நிறமெல்லாம் போய்விட்டிருந்தது. கும்பிட்ட கைகள் விரிந்து கிடந்தன. மனைவி வந்து நின்றாள். ஆற்றியே கொன்றுவிட்டேன் என்றேன். அவள் என் முதுகில் கையை வைத்தாள். இடுக்கியால் எடுத்தேன். அது பக்கத்தில் வாளியில் எடுத்து வைத்திருந்த உப்புத்தண்ணீரில் நழுவி விழுந்தது.

விழுந்தது மிதந்தது.

காபிப் பழத்தைத் தண்ணீரில் கொட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். முழுப் பழம் அடியில் போகும். மிதப்பது பொக்கு, உள்ளே ஒன்றும் இருக்காது. இத்தனை வருடத்தில் என் மூளையை விட என் கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும். குனிந்து பார்த்தேன். முதுகில் ஒரு பிளவு. உள்ளே யாருமில்லை, தூக்கியபோது தண்ணீர் வடிந்து காற்று புகுந்த வெறும் கூடுதான். கால்கள், மீசை, வால் விசிறி, அடிக்கிற கையின் குமிழ், கண்ணின் மேல் மூடியிருந்த கண்ணாடி போன்ற தோல் வரைக்கும் ஒன்று விடாமல் இருந்தது. ஆள் மட்டும் இல்லை. தன் கண்களின் மேல்தோலையும் கழற்றி வைத்துவிட்டுப் போக முடிகிற ஒரு உயிரை நான் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். என்னால் ஸ்வெட்டரைக்கூட ஒழுங்காகக் கழற்ற முடியாது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் சட்டையைக் கழற்றியவன் பிழைத்திருக்கிறானா? அந்தக் குளிரில், ஓடு இறுகாத வெறும் உடம்போடு? கல்லைத் தூக்கிப் பார்க்கத் தொட்டிக்குள் கையை விட்டேன். மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பச்ச ஒடம்பா இருக்கும்ங்க. வெளிச்சம் படக் கூடாது, யாரும் போயிப் பாக்கக் கூடாது. கைய எடுங்க.”

பிள்ளை பெற்ற வீட்டுச் சட்டம் எங்கள் தொட்டிக்கும் அமலானது. அன்று மத்தியானம் கரண்ட் வந்து ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் தொட்டி விளக்கைப் போடவிடவில்லை. துணியைத் தொங்கவிட்டு மறைத்தாள். பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். மிளகுக்காரரையும்தான். நான் கொட்டை வறுத்தேன், அரைத்தேன், பாக்கெட் போட்டேன். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தேன். வாசல் மறுபடி அடைபட்டிருந்ததா, அல்லது மணல் தானாகச் சரிந்ததா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. நாட்கள் போயின. நம்பிக்கையாக ஏதாவது சொல்லலாமென்று வாயெடுத்தால் எனக்கே அது ஜோக்காகக் கேட்டது. பேசாமல் இருந்தேன். அது எனக்குப் புதுப் பழக்கம்.

ஒருநாள் காலை மனைவி துணிக்குள் தலையை விட்டிருந்தாள். என்னைப் பார்க்காமலேயே கையை மட்டும் அசைத்துக் கூப்பிட்டாள். நானும் தலையை நுழைத்தேன்.

வாசலில் ஒரு கூழாங்கல் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்து உருண்டது. அந்த இடைவெளியில் இரண்டு கண்கள் எழுந்தன. ஒன்று அவளைப் பார்த்தது, ஒன்று என்னைப் பார்த்தது. பிறகு முகமும் தோளும் வந்தன. பழைய பச்சை இல்லை. மழை நின்ற காலையில் வெயில் படும்போது மிளகுக் கொடியின் கொழுந்தில் ஒரு நிறம் இருக்குமே, அதை இன்னும் கழுவி எடுத்ததுபோல் இருந்தது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் நிறங்கள் இல்லை.

“கையி இன்னும் பலப்பட்டிருக்காதுங்க,” என்றாள் மனைவி. நத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழம்புக்கு வாங்கி வைத்திருந்த இறாலில் ஒன்றை உரித்து, ஒரு நுனியை மட்டும் கிள்ளி, இடுக்கியில் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினாள். நெருங்க நெருங்க அவள் கை மெதுவானது. அது மீசையால் துண்டைத் தொட்டது. இடுக்கியையும் தொட்டது. நான் அடிக்காகக் காத்திருந்தேன்.

அடிக்கவில்லை. கைகளை மடித்தபடியே முன்னால் வந்து, வாயருகே இருந்த சின்னக் கால்களால் அவள் கொடுத்ததை மெல்ல வாங்கிக்கொண்டு, திரும்பாமல், எங்கள் இருவரையும் பார்த்தபடியே பின்பக்கமாக உள்ளே போனது. அவள் வெகுநேரம் இடுக்கியை வெளியே எடுக்கவேயில்லை.